தாடையில் பொட்டு வைத்த ஹெல்மெட்

போன வாரம் ஜெபின் போனில் கூப்பிட்டான். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் இப்போது வெல்டிங் பிரிவுக்கு அவன்தான் பொறுப்பு. நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணே, ஒரு சந்தேகம். ஆயுத பூஜைக்கு நம்ம கம்பெனியில எல்லா மெஷினுக்கும் முகப்புல பொட்டு வைக்கோம். வெல்டிங் ஹெல்மெட்டுக்கு மட்டும் தாடையில வைக்கோமே, அது என்னத்துக்கு?"

"ஏன், இப்பம் அதுக்கு என்ன வந்துச்சு?"

"சின்ன முதலாளி கேக்காவ. எல்லாருக்கும் புதுசா ஆட்டோ டார்க் ஹெல்மெட் வாங்கியாச்சுல்லா. பூஜை அன்னைக்கு வரிசையா அடுக்கி போட்டோ எடுக்கணுமாம். தாடையில பொட்டு இருந்தா பாக்க லெச்சணமா இல்லையாம், நெத்தியில வைக்கச் சொல்லுதாவ. இது நம்ம கம்பெனி வழக்கம்னு சொன்னேன். எதுக்குன்னு திருப்பிக் கேட்டாவ. எனக்குத் தெரியல."

வழக்கமாம். ஒரு மனிதனின் கண் போய் உண்டான ஏற்பாட்டை, பத்து வருஷம் ஆவதற்குள் காரணம் தெரியாத வழக்கமாக்கிவிட்டார்கள். போனில் சொன்னால் பாதி கேட்டுவிட்டு "செரி அண்ணே" என்று வைத்துவிடுவான். அதனால் எழுதுகிறேன். அவன் மட்டுமல்ல, வெளிச்சம் பட்டதும் தானாகக் கறுக்கும் ஆட்டோ டார்க் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டதும் இனி கண்ணுக்கு ஒன்றும் வராது என்று நம்பும் எல்லா வெல்டர்களும் படிக்கலாம். நம்பிக்கை குறைந்தால் நல்லது.

நான் நாகர்கோவிலில் வெல்டிங் படித்த காலத்தில் கையில் பிடிக்கும் ஹேண்ட் ஸ்க்ரீன்தான். அதில் இருக்கும் கறுப்புக் கண்ணாடி வழியே, ராடின் நுனியில் ஆர்க் என்கிற மின்சுடர் எரியும்போது மட்டும்தான் எதுவும் தெரியும், மற்ற நேரம் இருட்டு. ராடை இடம் பார்த்து வைத்து, ஸ்க்ரீனை முகத்துக்குக் கொண்டுவந்து, அதன் பிறகு தட்ட வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் கண்ணை இறுக்கி மூடி, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு டேக் வைப்பார்கள், அதாவது துண்டுகள் நகராமல் அங்கங்கே ஒரு பொட்டு ஒட்டுவார்கள். அதை ஒரு கைத்திறமை போலச் சொல்லிக்கொள்வார்கள். கண்ணிமை மெல்லிய தோல் என்பதும், பக்கவாட்டில் வரும் ஒளியும் ஒளிதான் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. அந்தத் திறமைசாலிகள் எல்லோரையும் அடுத்த நாள், எரிச்சல் தணியத் துருவிய உருளைக்கிழங்கைக் கண்ணில் கட்டிய கோலத்தில் பார்த்திருக்கிறேன். படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

2004இல் தக்கலைக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். சில வருஷம் வெல்டராக இருந்தேன். பிறகு வெல்டிங் மூட்டுகளைச் சோதித்துப் பார்க்கும் செக்கிங் வேலைக்கு மாற்றினார்கள். சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஊர்களில் கட்டட வேலை பெருகியது. மீன் ஏலக் கூடம், சர்ச் ஷெட், படிக்கட்டு, கைப்பிடி என்று ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. உப்புக் காற்றுக்குச் சாதா இரும்பு தாங்காது என்று கைப்பிடி எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்டார்கள். அதற்கு ஆர்கான் வாயுவை ஊதிச் செய்யும் ஆர்கான் வெல்டிங் வேண்டும். ஆர்கானில் வலது கையில் வெல்டிங் டார்ச், இடது கையில் உருக்கும் கம்பி. ஸ்க்ரீன் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. தலையில் மாட்டும் ஹெல்மெட் வந்தது அப்படித்தான்.

முதலாளி ஒருமுறை துபாய் போய்விட்டு வந்தபோது ஆறு ஆட்டோ டார்க் ஹெல்மெட் வாங்கி வந்தார். பளபளவென்று கறுப்பு ஓடு, நெற்றியில் சிறகு விரித்த கழுகுப் படம். எங்களை முற்றத்தில் கூட்டி நிற்க வைத்து, ஒன்றைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு வெயிலை அண்ணாந்து பார்த்தார்.

"ஏலே, பாருங்க! தானாக் கறுக்குது! இனி எவனாவது கண்ணு வலிக்குதுன்னு லீவு கேட்டா செவிட்டுல ஒண்ணு வைப்பேன்."

அன்றிலிருந்து எங்கள் கம்பெனியில் ஹெல்மெட்டைச் சோதிக்கும் முறை அதுவாகிவிட்டது. காலையில் எடுத்து மாட்டு, வாசலில் நின்று சூரியனைப் பார், கறுத்தால் நல்ல ஹெல்மெட். ஆர்க்கை நம்பிச் செய்த பொருளைச் சூரியனிடம் காட்டிச் சான்றிதழ் வாங்குவது என்ன அறிவு என்று யாரும் கேட்கவில்லை. சூரியனுக்குக் கறுக்கும் கண்ணாடி வெறும் நாற்பது ஆம்பியர் ஆர்கானுக்கும் கறுக்கும் என்று சூரியன் எழுதிக் கொடுத்ததா?

பெட்டியில் இருந்த விளக்கத்தாளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தவர் ஒரே ஒருவர், எங்கள் மேனேஜர் ஞானசிகாமணி. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மெல்லிய குரல். யாரையும் "நீரு" என்றுதான் பேசுவார். எதைக் கேட்டாலும் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கும்போது கேட்டவருக்குப் பாதிக் கோபம் இறங்கிவிடும். பிறகு "பார்ப்போம்" என்பார். இல்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வேலையில் மட்டும் மகா துல்லியம். ஒரு மூட்டில் விரிசல் என்றால் அதே ராடு, அதே ஆம்பியர், அதே ஆளை வைத்துத் திரும்பச் செய்ய வைத்துப் பார்த்துத்தான் காரணம் சொல்வார். இரும்பிடம் எதையும் நேராகக் கேட்டுவிடுவார். மனிதர்களிடம்தான் அவரால் முடியாது.

தாளைப் படித்துவிட்டு எனக்குச் சொன்னார். ஹெல்மெட்டின் கண்ணாடிக்கு மேல் விளிம்பில் இரண்டு பக்கமும் மிளகு அளவில் இரண்டு சென்சார் இருக்கிறது. ஆர்க்கை முதலில் பார்ப்பது அவைதான். அவை பார்த்துச் சொன்னால்தான் கண்ணாடி கறுக்கும். அவற்றின் முன்னால் புகையோ தெறித்த பொறியோ அழுக்கோ இருக்கக் கூடாது. குழாயோ கம்பியோ குறுக்கே மறைத்தாலும் கறுக்காது. ஆம்பியர் குறைவாக இருந்தால் சென்சாரின் உணர்வைத் திருகிக் கூட்ட வேண்டும். மூட்டைத் தேய்க்கும் கிரைண்டிங் வேலைக்கென்று ஒரு நிலை இருக்கிறது, அதில் விட்டுவிட்டு வெல்டிங் தொடங்கினால் கறுக்கவே கறுக்காது. இன்னொன்றும் சொன்னார். கறுத்தாலும் கறுக்காவிட்டாலும் அந்தக் கண்ணாடி, கண்ணை வேக வைக்கும் கண்ணுக்குத் தெரியாத கதிரை எப்போதும் தடுத்துக்கொண்டே இருக்கும். கறுப்பது கண் கூசாமல் இருக்க மட்டும்தான். இந்தக் கடைசி விஷயம் பின்னால் உதவியது.

எல்லாவற்றையும் சாக்பீஸால் போர்டில் அழகாக எழுதி வைத்தார். ஹெல்மெட் வாங்கிய ஆறு வெல்டர்களும் அதற்கு முன்னால் நின்று தலை வாரிக்கொண்டார்கள். போர்டுக்குப் பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டியிருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. முதலாளிக்குப் பக்தி உண்டு, அதில் வேஷம் இல்லை. குளித்துவிட்டு ஈர வேட்டியோடு ஒவ்வொரு மெஷினுக்கும் தன் கையாலேயே சந்தனம் குங்குமம் வைப்பார். ஆறு ஹெல்மெட்டையும் வாழையிலையில் வரிசையாக வைத்திருந்தோம். நெற்றியில் கழுகு இருந்தது. கழுகின் மேல் சந்தனத்தைப் பூச அவருக்கு மனம் வரவில்லை. அதற்குக் கீழே, கண்ணாடியின் மேல் விளிம்பில் விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. அங்கே மூன்று விரலால் இடமிருந்து வலம் ஒரு இழுப்பு இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. இரண்டு சென்சாரும் அந்த இழுப்புக்குள் போய்விட்டன.

பூஜையில் வைத்த சந்தனத்தை யாரும் துடைப்பதில்லை. அது தானாக உதிர வேண்டும். லேத்தில், டிரில்லிங் மெஷினில் எல்லாம் மாதக்கணக்கில் இருக்கும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஹெல்மெட்டில் இருக்கலாமா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை எங்கள் கம்பெனியில் கேட்பது சுலபமல்ல. மேனேஜர் சி.எஸ்.ஐ. சபைக் கிறிஸ்தவர், நானும் அப்படியே. ஆர்கான் வேலை செய்த மிக்கேல் கடற்கரைக் கத்தோலிக்கர். மற்ற வெல்டர்களில் பாதிப் பேர் இந்துக்கள். எங்கள் மாவட்டத்தில் பழைய மதக் கலவரத்துக்குப் பிறகு இந்த விஷயத்தில் எல்லோரும் நாக்கைக் கட்டிக்கொண்டு நடப்பார்கள். எதற்கென்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பூஜை முடிந்து வேலை தொடங்கிய அன்றே நான் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"சார், சென்சார் மேல சந்தனம் இருக்கு. துடைச்சிருவோமா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"நீரு கை வைக்காண்டாம். நானும் வைக்கல. நாம துடைச்சோம்னு ஒரு பேச்சு வந்தா அது எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது. அவங்களே துடைக்கட்டும்."

"அவங்கன்னா யாரு சார்?"

"பார்ப்போம்."

இந்து வெல்டர்களிடம் கேட்டேன். முதலாளி தன் கையால் வைத்ததை நாங்கள் எப்படித் துடைப்பது என்றார்கள். இப்படியாக ஒரு கம்பெனி முழுக்க, ஒருவர் மனம் ஒருவர் நோகாமல், மரியாதையாக, சென்சாரை மூடி வைத்தோம். பண்பாட்டுக்குப் பரிசு கொடுப்பதாக இருந்தால் எங்களுக்குத்தான் கொடுக்க வேண்டும். மேனேஜர் அந்த வாரம் போர்டில் "சென்சாரைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும்" என்ற வரியை மட்டும் வண்ணச் சாக்பீஸால் எழுதினார். அதுதான் அவருடைய வீரம்.

ஐந்து ஹெல்மெட்டால் பிரச்சினை வரவில்லை. அவை சாதா ஆர்க் வெல்டிங்கில் ஓடின. நூற்றிருபது ஆம்பியரில் வருகிற வெளிச்சம் காய்ந்த சந்தனத்தையும் தாண்டிப் போய்ச் சென்சாரை எழுப்பிவிடும். ஆறாவது மிக்கேலிடம் இருந்தது. மெல்லிய குழாயில் நாற்பது ஆம்பியர் வைத்து ஆர்கான் செய்வது அவர் ஒருவர்தான்.

மிக்கேலைப் பற்றிச் சொல்கிறேன். முட்டம் பக்கத்துக்காரர். அப்பா, அண்ணன் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் வாந்தி எடுத்து எடுத்துக் கரையேறியவர். ஆர்கான் மூட்டில் அவர் போடும் வரி, சீப்பால் வாரியது போல ஒரே சீராக இருக்கும். செக்கிங்கில் அவருடைய மூட்டைத் தள்ள எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. அப்போது அவருக்கு வளைகுடாவில் ஒரு கப்பல் கட்டும் யார்டில் வேலை கிடைத்திருந்தது. டிரேடு டெஸ்டில் பாஸ். இனித் திருவனந்தபுரத்தில் மெடிக்கல் மட்டும் பாக்கி. அதில் கண் பரிசோதனை கறாராக இருக்கும். ஊரில் பாதி கட்டி நின்ற வீடு அந்த மெடிக்கலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

பூஜைக்குப் பிறகு கொஞ்ச நாளில் அவர் குறை சொல்லத் தொடங்கினார்.

"அண்ணே, இந்தச் சாமானம் ஒரு நேரம் கறுக்குது, ஒரு நேரம் கறுக்கல. பளிச்சுனு முகத்துல அடிக்குது."

பக்கத்தில் இருந்தவர்கள் விடவில்லை.

"கல்ஃபுக்குப் போறதுக்கு முன்னாலயே துரைக்கு நம்ம ஊரு சாமானம் பிடிக்கல, பாத்தியா."

"இது நம்ம ஊரு சாமானம் இல்லலே, துபாய்ல இருந்து வந்தது. அங்க போனாலும் இதே எளவைத்தான் மாட்டணும்."

"அப்பம் அங்கயும் இப்படிக் குறை சொல்லி முதல் பிளைட்டுலயே திரும்பி வந்திருவாரு."

ஒருவன் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். சூரியனைப் பார்த்தான். கறுத்தது. "நல்லாத்தான இருக்கு மக்கா! உமக்கத் தலைதான் கோளாறு" என்று தலையில் கவிழ்த்துவிட்டுப் போனான். எல்லோரும் சிரித்தார்கள். மிக்கேலும் சிரித்தார்.

அதன் பிறகு அவர் குறை சொல்லவில்லை. பழைய வித்தைக்குப் போய்விட்டார். தன்னை ஏமாற்றும் ஹெல்மெட்டைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு, கண்ணை மூடி, முகத்தைத் திருப்பி டேக் வைப்பது. எல்லா டேக்கும் முடிந்த பிறகு ஹெல்மெட்டை இறக்கி, கறுத்தால் ஓட்டுவது. ஆர்கான் வெளிச்சம் பார்க்கச் சாதுவாக இருக்கும், சுடுவதில் சாதா ஆர்க்கைவிட மோசம். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் அதை முகத்துக்கே திருப்பி அடிக்கும்.

ஒருநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அவருடைய மனைவி ரீத்தா கம்பெனிக்குப் போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"அண்ணே, இவருக்குக் கண்ணைத் தொறக்க முடியல. மண்ணை வாரிப் போட்ட மாதிரி இருக்காம். தண்ணியா ஊத்துது. அடுத்த வாரம் மெடிக்கலு."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வேற ஒண்ணும் போடாண்டாம்."

"போட்டாச்சுண்ணே. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்க அம்மைகிட்ட தாய்ப்பால் வாங்கி விட்டோம். நேத்தைக்கும் விட்டோம், இன்னைக்கும் விட்டோம்."

வெல்டிங் பட்டறை இருக்கும் ஊரில் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இப்படி ஒரு தொல்லை உண்டு. கண்ணில் ஆர்க் அடித்தவன் வீட்டிலிருந்து கிண்ணத்தோடு வந்துவிடுவார்கள். குளிர்ச்சியாம். வெந்த இடம் ஒரு திறந்த புண் என்பதும், அதில் பாலை ஊற்றி மூடி வைத்தால் என்ன ஆகும் என்பதும் ஒருவருக்கும் தோன்றாது. வெளியே வைத்த பால் சாயங்காலத்துக்குள் கெட்டுப்போவது எல்லா வீட்டுக்கும் தெரியும். கண்ணுக்குள் மட்டும் கெடாது என்று நினைப்பு.

நாகர்கோவிலில் கண் டாக்டரம்மா பார்த்துவிட்டு முதலில் திட்டினாராம். ஆர்க் அடித்தது மட்டும் என்றால் ஓரிரு நாளில் தானே ஆறியிருக்கும், இதில் சீழ் பிடித்திருக்கிறது என்றார். வலது கண் தப்பித்துவிட்டது. இடது கண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள்.

முதலாளிக்கு விஷயம் போனது. "அத்தனை பைசா கொடுத்து வாங்கிப் போட்ட ஹெல்மெட்டு! அதைப் போட்டா எப்படிலே கண்ணுல ஆர்க் அடிக்கும்? கல்ஃபுக்குப் போறவன், நம்மகிட்ட நஷ்டஈடு பிடுங்கப் பாக்கான்" என்றார். கேட்டுக்கொண்டிருந்த மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை. அதை நான் கவனித்தேன்.

"அவன் பொய் சொல்லுதானா ஹெல்மெட்டு பொய் சொல்லுதான்னு செஞ்சு பாத்திருவோம் முதலாளி. நீங்களும் நில்லுங்க" என்றார்.

மிக்கேல் ஒரு கண்ணில் கட்டோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மேனேஜர் முதலில் அவரிடம் கேட்டார்.

"மிக்கேலு, இந்தக் கண்ணாடி கறுக்கல்லன்னாலும் கண்ணு வேகாது. கூசும், அவ்வளவுதான். உமக்குக் கண்ணு வெந்திருக்கு. அப்பம் நீரு ஹெல்மெட்டைத் தூக்கிட்டுல்லா டேக் வெச்சிருக்கணும்?"

மிக்கேல் கண்கட்டைத் தொட்டுச் சரி செய்துகொண்டார். பிறகு சொன்னார். "வெச்சேன் சார். பளிச்சுனு முகத்துல அடிக்கியதை எத்தனை தரம் வாங்கது? சொன்னா சிரிக்கியானுவ."

"செரி. அடிச்சுதான்னு பார்ப்போம்." இந்த முறை அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இருந்தது.

ஒரு தகரத் தடுப்பில் முகம் நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டச் சொன்னார். மிக்கேலின் ஹெல்மெட்டை அந்த ஓட்டையில், முகம் அந்தப் பக்கம் பார்க்கும்படி பொருத்தினார். சுற்றிலும் ஒளி கசியாமல் கறுப்புத் துணி அடைத்தார். கண்ணாடிக்குப் பின்னால், கண் இருக்கும் தூரத்தில், ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தினார். "எவனும் இதுக்குள்ள கண்ணை வெச்சுப் பாக்காண்டாம். தாளைப் பாத்தாப் போதும். தாளுக்குக் கண்ணு வலிக்காது." தடுப்புக்கு அந்தப் பக்கம் பழைய கறுப்புக் கண்ணாடி ஹெல்மெட்டோடு எங்கள் வெல்டர்களில் ஒருவரான நீலகண்டன் நின்றார். அது கார்த்திகை மாதம். நீலகண்டன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, தாடி. விரதம் முடியும் வரை கம்பெனியே அவரைச் சாமி என்றுதான் கூப்பிடும், அவரும் எல்லோரையும் அப்படியே.

"சாமி, சாதா ஆர்க், நூத்திருபது" என்றார் மேனேஜர். நீலகண்டன் தட்டினார். தாளில் விழுந்த பச்சை வெளிச்சம் பட்டென்று மங்கியது. கறுத்துவிட்டது. முதலாளி எங்களைப் பார்த்தார்.

"இப்பம் ஆர்கான், நாப்பது. மிக்கேலு உக்காருத மாதிரி உக்காந்து." தட்டினார். தாளில் பச்சை வெளிச்சம் அப்படியே நின்றது. நிறுத்தித் திரும்பத் தட்டச் சொன்னார். ஒருமுறை மங்கியது. அடுத்த முறை மறுபடியும் நின்றது. உணர்வுத் திருகைக் கடைசி வரை கூட்டினார். அப்போதும் அப்படித்தான்.

மேனேஜர் ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். கழுகுக்குக் கீழே அந்தச் சந்தன இழுப்பு, பட்டறைத் தூசி படிந்து கெட்டிப்பட்டு இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தோம். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவரும் கையை நீட்டவில்லை. ஒற்றைக் கண்ணோடு ஒருவன் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போதும், யார் துடைப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். என் வேலைக்காலத்தில் அதைவிடக் கேவலமான ஒரு மௌனத்தை நான் பார்த்ததில்லை.

நீலகண்டன் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்தார். மேஜையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டைக் குடிநீர்ப் பானையில் நனைத்தார்.

"சந்தனம் நெத்திக்குள்ளது சாமி. இது நெத்தி இல்ல, கண்ணு. சாமிக்குக்கூட கண்ணுல சந்தனத்தை அப்பமாட்டோம்."

துடைத்தார். ஒரு நிமிஷ வேலை. ஹெல்மெட்டைத் திரும்பப் பொருத்தி ஆர்கான் தட்டினார். தாளில் வெளிச்சம் மங்கியது. எத்தனை முறை தட்டியும் மங்கியது.

முதலாளி அப்போது சொன்னதுதான் உச்சம். "எனக்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே துடைச்சிருப்பேனே. துடைக்காண்டாம்னு நான் எப்பம்லே சொன்னேன்?"

உண்மை. அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஒருவரும் அவரிடம் கேட்டதும் இல்லை. அவருக்குக் கோபம் வரும் என்று நாங்களே முடிவு செய்து, அந்தக் கோபத்துக்கு நாங்களே பயந்து, ஒரு மாதத்துக்கு மேல் மரியாதையைக் காப்பாற்றியிருக்கிறோம்.

 மேனேஜர் போர்டுக்குப் போய் வண்ணச் சாக்பீஸில் எழுதிய வரியை அழித்தார். எதற்கு அழித்தார் என்று நான் கேட்கவில்லை.

மிக்கேலின் இடது கண்ணில் பூ விழுந்தது. கருவிழி ஓரத்தில் அரிசி நுனி அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு. மெடிக்கலைத் தள்ளி வைத்துப் பார்த்தார்கள். பிறகு போனார். எழுத்து அட்டையில் இடது கண்ணால் மேல் வரிகள் மட்டும் படித்தார். யார்டு வேலை வேறு ஒருவனுக்குப் போனது. வீடு நின்ற நிலையில் நின்றது. ஓடு போட்டுத்தான் குடியேறினார்கள், மாடி வரவில்லை. முதலாளி வைத்தியச் செலவு கொடுத்தார், சம்பளத்தையும் கூட்டினார், அதை மறைக்கக் கூடாது. மிக்கேல் அங்கேயே சாதா ஆர்க்கில் இருந்துவிட்டார். சீப்பால் வாரியது போன்ற அந்த வரி அதன் பிறகு வரவில்லை. செக்கிங்கில் அவருடைய மூட்டைத் தள்ள வேண்டிய நாளும் எனக்கு வந்தது.

அன்று அவர் சொன்னார்: "தள்ளுங்கண்ணே. எனக்க கண்ணுல பூ விழுந்தது ஆர்க்கால இல்ல, பாலால இல்ல. உங்க எல்லாருக்க மரியாதையால."

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு வாழையிலையில் ஹெல்மெட்டுகளை அடுக்கினோம். முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு வந்து தயங்கி நின்றார். இந்த முறை நீலகண்டன் நேராகவே சொன்னார். "முதலாளி, தாடையில வையுங்க."

"தாடையிலயா? அது என்னலே கோலம்?"

"கைப்பிள்ளைக்குத் தாடையில திருஷ்டிப் பொட்டு வைக்கோம்லா? அது மாதிரின்னு வெச்சுக்கிடுங்க."

முதலாளி சிரித்தார். "கழுகுக்குத் திருஷ்டியா!" என்றபடி ஆறு தாடையிலும் வைத்தார். ஜெபின், உன் கம்பெனி வழக்கம் பிறந்தது இப்படி.

பொட்டை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றினீர்கள். மற்றதை எல்லாம் விட்டுவிட்டீர்கள். மேனேஜர் வெட்டி வைத்த அந்தத் தகரத் தடுப்பு நான் ஓய்வு பெறும்போது குப்பைத் தொட்டிக்கு மூடியாகக் கிடந்தது. வாசலில் நின்று சூரியனைப் பார்ப்பது இன்னும் நடக்கிறது என்று நீயே சொன்னாய். கிரைண்டிங் நிலையில் விட்டுவிட்டு வெல்டிங் தொடங்குகிறவன் இன்னும் இருக்கிறான் என்றும் சொன்னாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். ஹெல்மெட் விலை கூடியிருக்கிறது, சென்சார் இரண்டு நாலாகியிருக்கிறது. கறுக்கவில்லை என்று ஒருவன் சொன்னால் அவனைக் கேலி செய்யும் பழக்கத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. நான்கு சென்சாரையும் சேர்த்து மூட ஒரு விரல் கூடுதலாகச் சந்தனம் எடுத்தால் போதும்.

சின்ன முதலாளிக்கு இதைக் காட்டு. காட்டத் தயங்காதே, அவர் அப்பாவைப் போலவே அவரும் கேட்டால் சரி என்பார், கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும். அதற்குப் பிறகும் பொட்டு நெற்றிக்குத்தான் வேண்டும் என்றால் ஒன்று செய்யுங்கள். போட்டோ எடுப்பதற்கு முன்னால் மிக்கேலைக் கூப்பிட்டு ஹெல்மெட் வரிசைக்கு எதிரே நிற்க வையுங்கள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, மொத்தம் எத்தனை பொட்டு இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அவர் சொல்லும் எண்ணிக்கை சரியாக இருந்தால் தாராளமாக நெற்றியிலேயே வைத்துக்கொள்ளலாம்.